ரீமேப்பா, பாக்ஸா, கம்பெனி மேப்பா? டீசல் வண்டி எதில் நீடிக்கும்

டீசல் கார் வாங்கி இரண்டு வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு அரிப்பு வரும். லாரியை ஓவர்டேக் எடுக்கலாம் என்று மிதித்தால் 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி அசைய மறுக்கும். அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி பாயும். இதற்கு வழி தேடினால் மூன்று சரக்கு கண்ணில் படும்: ஆக்சிலரேட்டரில் செருகும் பெடல் பாக்ஸ், இன்ஜின் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் (இன்ஜினை ஆட்டிவைக்கும் கணினி) நடுவே மாட்டும் டியூனிங் பாக்ஸ், ஈசியுவுக்குள் இருக்கும் மேப்பையே, அதாவது எப்போது எவ்வளவு டீசல், காற்று என்ற கணக்கையே, மாற்றி எழுதும் ரீமேப். நான்காவது வழி, எதையும் தொடாமல் விடுவது. எவ்வளவு பவர் கூடும் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். வண்டியை 2 லட்சம் கிலோமீட்டர் வரை வைத்து ஓட்ட நினைப்பவருக்கு எது ஒத்துவரும் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

முதலில் கம்பெனி மேப். "கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பவரைப் பூட்டி வைத்திருக்கிறான்" என்று ஒரு பேச்சு உண்டு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட்டில் அதன் பவர் 75 பிஎஸ், டார்க் என்ற இழுவைத் திறன் 190 என்எம். அதே 1,248 சிசி இன்ஜின் எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ் வண்டிகளில் 90 பிஎஸ், 200 என்எம். அந்த 15 பிஎஸ்ஸுக்காக மேப்பை மட்டும் மாற்றவில்லை, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே, இறக்கைகளின் கோணம் மாறும் வேரியபிள் ஜியோமெட்ரி வகைக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றியும் டார்க்கை 10 என்எம்முக்கு மேல் ஏற்றவில்லை. ரீமேப் கடையிலோ, டர்போவைத் தொடாமலே 75 பிஎஸ் இன்ஜினில் 95, 100 பிஎஸ்ஸும் 240 என்எம் டார்க்கும் எடுத்துத் தருகிறேன் என்பார்கள். அது பொய்யென்று சொல்லவில்லை, எடுக்க முடியும். ஆனால் எங்கிருந்து எடுக்கிறார்கள்? மட்டமான டீசல், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், மே மாத வெயில், ஐந்து பேரும் பெட்டிகளுமாக நாலாவது கியரிலேயே மலை ஏறுகிற ஆள் எல்லாரையும் மனதில் வைத்து கம்பெனி ஒதுக்கி வைத்த இடம் அது. அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறோம்.

பெடல் பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 30 சதவீதம் மிதித்தால் 50 சதவீதம் மிதித்ததாக ஈசியுவிடம் சொல்லும், அவ்வளவுதான். ஒரு பிஎஸ்கூட ஏறாது, இன்ஜினுக்கு ஆபத்தும் கிடையாது. சிக்னல் டு சிக்னல் ஓட்டுபவருக்கு இதிலேயே பாதி அரிப்பு தீர்ந்துவிடும்.

எனக்குப் பிடிக்காதது டியூனிங் பாக்ஸ்தான், அதிலும் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் உயர் அழுத்தக் குழாய்) பிரஷர் சென்சாரை ஏமாற்றும் மலிவு வகை. ரெயிலில் உண்மையில் 1,600 பார் இருக்கும்போது 1,450தான் இருக்கிறது என்று அது ஈசியுவிடம் பொய் சொல்லும். ஈசியு பாவம், அதை நம்பி இன்னும் அழுத்தத்தை ஏற்றும். அதே நேரத்துக்குத் திறக்கிற இன்ஜெக்டர் வழியாகக் கூடுதல் டீசல் உள்ளே போகும். பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, பல பாக்ஸ்கள் தொடுவதே இல்லை என்பதால் டீசல் கூடுகிறது, காற்று கூடுவதில்லை. மிச்சம் கரும்புகைதான். ஹை பிரஷர் பம்ப்பும் இன்ஜெக்டரும் எவ்வளவு அழுத்தத்தில் வேலை செய்கின்றன என்பது ஈசியுவுக்கே தெரியாததால், அது தன் பாதுகாப்பு வேலையைச் செய்யவும் வழியில்லை.

என் நண்பர் ஒருவர் இப்படி ஒரு பாக்ஸை மாட்டிவிட்டு, "மச்சி, பவரும் கூடிருச்சு, மைலேஜும் ரெண்டு கூடிருச்சு" என்று டிஸ்பிளேயைக் காட்டினார். டேங்க்கை ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணிக் கணக்குப் போட்டால் ஒன்றும் கூடவில்லை. ஈசியு தான் அனுப்பியதாக நினைக்கும் டீசலை வைத்துத்தான் டிஸ்பிளே கணக்குப் போடுகிறது. பாக்ஸ் சொன்ன பொய் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரே நல்ல விஷயம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

சரி, ரீமேப். நல்ல ரீமேப் யாரையும் ஏமாற்றுவதில்லை. டீசல் அளவு, பூஸ்ட், ரெயில் பிரஷர், இன்ஜெக்‌ஷன் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்தும். புகை வரம்பு, டார்க் வரம்பு எல்லாம் உள்ளேயே இருக்கும், கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். எவ்வளவு தள்ளி என்பதில்தான் வண்டியின் ஆயுள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிசு என்பதால், அதே பூஸ்ட்டுக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கம்பெனி மேப் உயரத்தைப் பார்த்துத் தானாகவே பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அவசரக்கார டியூனர் அந்தத் திருத்தத்தையும் சேர்த்துத் தளர்த்திவிட்டால், சமவெளியில் ஒரு குறையும் தெரியாது. மலையில் டர்போ வரம்பு மீறிச் சுற்றும்.

பிஎஸ் கணக்கை விட டார்க் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் எந்த ஆர்பிஎம்மில் என்று. 3,500இல் 20 பிஎஸ் கூடுவதை இன்ஜின் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அங்கே நாம் இருக்கும் நேரமும் குறைவு. 1,700இல் 50 என்எம் கூட்டினால் கதை வேறு. ஆயில் பிரஷர் குறைவாக இருக்கும் வேகத்தில் ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங் மேல் பெரிய சம்மட்டி அடியாக விழும். அதற்கு முன்பே கிளட்ச் கையை விரித்துவிடும்.

என் வண்டியில் அதுதான் நடந்தது. 80,000 கிலோமீட்டரில் ஸ்டேஜ் 1, அதாவது பாகம் எதையும் மாற்றாத ரீமேப், போட்டேன். முதல் மூன்று மாதம் சொர்க்கம். அப்புறம் ஒருநாள் சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது, தொப்பூர் ஏற்றத்தில் நாலாவது கியரில் மிதித்தேன். ஆர்பிஎம் முள் 2,000லிருந்து 2,700க்கு ஒரே தாவாகப் போனது, ஸ்பீடோ முள் 60லேயே நின்றது. கூடவே லேசாகக் கருகல் வாசனை. மெக்கானிக் இறக்கிப் பார்த்தால் கிளட்ச் பிளேட் கண்ணாடியாக மின்னியது, கிளட்ச்சை ஒட்டி அதிர்வைக் குறைக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலிலும் ஆட்டம். ரீமேப்புக்குக் கொடுத்ததை விட இதற்குக் கொடுத்தது அதிகம். டியூனர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். 80,000 ஓடிய கிளட்ச்சை யோசிக்காமல் போனது நான்.

ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் 1.5 டிடிஐ டீசல் வென்டோவின் டார்க் 250 என்எம். அதில் வந்த டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், டிக்யூ200 என்ற ஏழு கியர் டிரை கிளட்ச் வகை. அதன் வரம்பும் 250 என்எம்தான். கம்பெனியே விளிம்பு வரை போய்விட்டது, நாம் தள்ளுவதற்கு அங்கே இடமில்லை. தவிர, ஈசியுவைத் தொட்டதை ஃபோக்ஸ்வேகன் குழும டீலர் கணினி கண்டுபிடித்தால் டிடி1 என்று குறித்துவிடும், வாரண்டியை அத்தோடு மறந்துவிடலாம். ஏப்ரல் 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வேறு இருக்கிறது. கூடுதல் புகை எல்லாம் அதில்தான் போய் அடையும். அதைக் கழற்றி எறியும் ஸ்டேஜ் 2 பக்கம் நான் போகவே மாட்டேன்.

ஆக, என் வரிசை இது: வாரண்டி உள்ள வண்டி, டிக்யூ200, பிஎஸ்6 என்றால் கம்பெனி மேப், தேவைப்பட்டால் பெடல் பாக்ஸ். வாரண்டி முடிந்த மேனுவல், இன்ஜெக்டரும் டர்போவும் கிளட்ச்சும் சோதித்துச் சரியாக இருந்தால், டார்க்கை அடக்கி எழுதிய ரீமேப். டியூனிங் பாக்ஸ் யாருக்கும் வேண்டாம்.

புது கிளட்ச் போட்ட பிறகு அதே டியூனரிடம் போய், 2,200க்குக் கீழே டார்க்கைக் கிட்டத்தட்டக் கம்பெனி அளவுக்கே இறக்கச் சொன்னேன். "அப்படின்னா ரீமேப் போட்ட மாதிரியே தெரியாதே சார்" என்றார். பரவாயில்லை என்றேன். ஆயிலை 10,000க்குப் பதில் 7,500இல் மாற்றுகிறேன். ஓடோமீட்டர் இப்போது 1,40,000. கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை.