என்ட்விசிலா, டீக்கனா: பேஸ் கிடார் கற்பவர் யாரைப் பின்பற்றலாம்?

பிரிட்டிஷ் ராக்கில் பேஸ் என்றதும் பலர் இந்த இரண்டு ஜான்களுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்கள். தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் ஒருவர், குயீன் குழுவின் ஜான் டீக்கன் மற்றவர்.

வாசிப்பு
என்ட்விசில்: 1965-இல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டிலேயே பேஸுக்குத் தனி ஆவர்த்தனம். விரல் வேகம் கைவர வருடங்கள் ஆகும்.
டீக்கன்: 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' பேஸ் வரியைப் புதியவரும் சில நாளில் பிடித்துவிடலாம். அதைத் தாளம் பிசகாமல் பாட்டு முழுக்கத் தக்கவைப்பதுதான் கஷ்டம்.

கருவி, செலவு
என்ட்விசில்: பளீரென்று ஒலிக்கும் ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியவை), மலைபோல் ஆம்ப்ளிஃபயர்கள். பர்ஸும் பதறும், பக்கத்து வீடும் பதறும்.
டீக்கன்: பெரும்பாலும் ஃபெண்டர் ப்ரிசிஷன் என்ற பேஸ் கிடார். எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரியான இவர், குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை வைத்துச் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயரை குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே குயீன் பதிவுகளில் பயன்படுத்தினார். எனக்கு டீக்கனைப் பிடிக்க இதுவே பாதிக் காரணம்.

பாட்டெழுதுவது
இருவரும் எழுதினார்கள். ஆனால் 1980-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த மேலே சொன்ன பாட்டு டீக்கனுடையது.

தொழில்வாழ்க்கை
என்ட்விசில்: 2002-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கும் தறுவாயில் இறக்கும்வரை மேடைதான்.
டீக்கன்: 1997-க்குப் பின் ஒதுங்கியவர், திரும்பவில்லை.

மூவர் குழுவில் ஒரே கிடார்தான் என்றால், இடைவெளியை நிரப்ப என்ட்விசில் வழி. பாடகரை முன்னிறுத்தும் குழு என்றால் டீக்கன். தொடக்கநிலையில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு டீக்கனிடம் போகலாம்.