கெட்ட பேக்லிங்க்: கழற்றுவதா, டிஸவோ செய்வதா, டொமைனையே மாற்றுவதா?

திருகோணமலை உப்புவெளியில் அத்தான் நடத்தும் கெஸ்ட் ஹவுஸுக்கு நான்தான் வெப்சைட் பார்க்கிறேன். சீசன் தொடங்க இரண்டு மாதம் இருக்கையில், கெஸ்ட் ஹவுஸின் பெயரைக் கூகுளில் தட்டினாலும் முதல் பக்கத்தில் இல்லை. விசாரித்தால், எனக்குச் சொல்லாமல் யாரிடமோ 500 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) விலைக்கு வாங்கியிருக்கிறார் அத்தான். தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் கருவியின் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ (கூகுள் ஆட்களே பார்த்துக் கொடுக்கும் தண்டனை) பகுதியில் இயற்கைக்கு மாறான இணைப்புகள் என்று அறிவிப்பு.

முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பகுதியைத்தான். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கீழே சொல்லும் வேலையில் முக்கால்வாசி வீண். 2012 ஏப்ரலில் பெங்குயின் (கெட்ட லிங்குகளைப் பிடிக்கக் கூகுள் தேடலில் செய்த மாற்றம்) வந்த காலத்தில் கெட்ட லிங்க் தளத்தையே கீழே இழுத்தது. 2016 செப்டெம்பரில் வந்த பெங்குயின் 4.0-க்குப் பிறகு பெரும்பாலும் அந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். முட்டுக்கம்பை உருவியதும் பந்தல் இறங்குகிறது, அவ்வளவுதான். டிஸவோ செய்தாலும் (இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது) கம்பு திரும்ப வராது.

அறிவிப்பு இருந்தால் மூன்று வழி.

லிங்க் போட்ட தளக்காரர்களிடமே கேட்டுக் கழற்றுவதுதான் அலுப்பான வழி. லிங்குகளை இறக்கிப் பார்த்தேன். ரஷ்ய எழுத்தில் கசினோ விளம்பரம், அதன் நடுவே ‘சீப் பீச் ரூம் ட்ரிங்கோமலி’. அதே சொற்கள், அதே வரிசையில், தளத்துக்குத் தளம். மின்னஞ்சல் போட்டால் பாதி திரும்பி வருகிறது. சிலர் கழற்றவும் காசு கேட்கிறார்கள்; கொடுக்காதீர்கள். ஆனாலும் இந்த முயற்சியின் பதிவு முக்கியம். தண்டனையை நீக்கக் கேட்டு அனுப்பும் மறுபரிசீலனைக் கோரிக்கையைக் கூகுளில் ஒரு மனிதர் வாசிக்கிறார். மெய்யாகப் பாடுபட்டீர்களா என்று பார்ப்பார்.

டிஸவோ 2012 ஒக்டோபரில் வந்த கருவி. வரிக்கு ஒரு டொமைனோ (ஒரு தளத்தின் பெயர்) ஒரு பக்கத்தின் முகவரியோ எழுதிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், 2 எம்பிக்குள், 100,000 வரிக்குள். அரைமணி வேலை. ஆபத்து அந்தச் சுலபத்தில்தான். புறாத்தீவு ஸ்நோர்கலிங் பற்றி எழுதிய பயணத்தளம் ஒன்று எங்களுக்கு லிங்க் கொடுத்திருந்தது. பெயர் விளங்கவில்லை என்று அதையும் பட்டியலில் போட்டுவிட்டு, ஏற்றுவதற்கு முன்தான் கண்டுபிடித்தேன். இன்னொன்று: புதிய ஃபைல் ஏற்றினால் பழையது அழியும், எனவே முழுப் பட்டியலையும் சேர்த்தே ஏற்றவேண்டும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

டொமைனை மாற்றுவது அத்தானுக்குப் பிடித்த யோசனை. ஆறு மாதத் தளமென்றால் நானும் சரி என்றிருப்பேன். எங்களுடையது எட்டு வருடம். வாசல் போர்ட், விசிட்டிங் கார்ட், ஓட்டோக்காரர்களிடம் கொடுத்து வைத்த அட்டை எல்லாம் பழைய பெயரில். பழையதிலிருந்து 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு) போட்டால் கெட்ட லிங்கின் சுமையும் கூடவே வரலாம். போடாவிட்டால் அந்த ஸ்நோர்கலிங் லிங்க் மாதிரி உழைத்துச் சேர்த்தவையும் போகும்.

அதனால் முதல் இரண்டையும் சேர்த்தே செய்தோம். யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினோம் என்று ஒளிக்காமல் எழுதி, மின்னஞ்சல் பட்டியலையும் இணைத்தேன். முதல் கோரிக்கை தள்ளுபடி. இன்னும் கொஞ்சம் கழற்றி இரண்டாவதை அனுப்பினோம். மே மாதம் தடை நீங்கியது. பெயரைத் தட்டினால் இப்போது வருகிறது. ‘உப்புவெளி ரூம்’ என்று தேடினால் பழைய இடம் இல்லை, அது வாங்கிய லிங்கில் ஏறிய இடம்.

அத்தானுக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த 500க்கு நான் குடுத்த காசு?” என்றார்.