கே.ஐ.ஆர் வாங்கிகள்: பரம்பரையலகில் தேடுவதா, கலத்தின் மேல் பார்ப்பதா?

இயற்கைக் கொல்கலங்கள் குருதி நிணநீர்க்குழியங்களில் ஏறத்தாழ 5 முதல் 15 வீதம். முன்னறிமுகம் இல்லாமலே வைரஸ் தொற்றிய கலத்தைக் கொல்பவை. கொல்வதா விடுவதா என்பதை அவற்றின் மேற்பரப்பு வாங்கிகள் தீர்மானிக்கின்றன. அவற்றுள் ஒரு குடும்பமே கே.ஐ.ஆர். அதன் தடுப்புவகை வாங்கிகளும் என்.கே.ஜி.2ஏ என்ற வாங்கியும், எதிர்க்கலத்தின் மேல் உரிய எச்.எல்.ஏ என்ற அடையாள மூலக்கூறு இருந்தால் தாக்குதலை நிறுத்தும். என்.கே.ஜி.2டி, சி.டி.16 இரண்டும் தூண்டும்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எடுத்த குருதியில் கே.ஐ.ஆரை ஆராய இரண்டு வழிகள்: டீ.என்.ஏயைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆரில் பரம்பரையலகைத் தேடலாம். அல்லது ஒளிரும் பிறபொருளெதிரி ஒட்டி, கலங்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் புளோ சைற்றோமெற்றரில் கலத்தையே பார்க்கலாம்.

வன்னியில் முதலில் பார்க்க வேண்டியது தூரமும் வெக்கையும். பி.சி.ஆருக்கு, குருதி உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ இட்ட ரியூப்பில் 2 முதல் 3 மில்லிலீற்றர் போதும். 4 பாகையில் சில நாட்கள் தாங்கும். உறையவைத்தால் இன்னும் நீளும், ஆனால் மின்வெட்டில் உருகி மீண்டும் உறைவது டீ.என்.ஏயைச் சிதைக்கும். சைற்றோமெற்றருக்கு உயிர்க்கலம் வேண்டும். இன்னொரு உறைதடுப்பியான ஹெப்பரின் இட்ட குருதியை 18 முதல் 25 பாகையில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும் வாகனத்தில் மதிய வெயிலும் கெடுக்கும், பயந்து பனிக்கட்டிமேல் வைப்பதும் கெடுக்கும்.

பி.சி.ஆரில் நல்ல உட்காவல் ஒன்று உண்டு. 3டி.எல்3, 3டி.பி1, 2டி.எல்4, 3டி.எல்2 என்ற நான்கு கே.ஐ.ஆர் பரம்பரையலகுகளும் அநேகமாக எல்லோரிடமும் இருக்கும். ஒன்று தெரியாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பி.சி.ஆரை, ஆளை அல்ல. ஹெப்பரின் ரியூப்பிலிருந்து டீ.என்.ஏ எடுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. ஹெப்பரின், பி.சி.ஆரின் நொதியத்தை மறிக்கும்.

ஆனால் பரம்பரையலகு இருப்பதால் வாங்கி வெளியில் இருக்கும் என்றில்லை. 3டி.எல்1இன் 004 வடிவம் பெரும்பாலும் கலத்துக்குள்ளேயே தங்கிவிடும், பி.சி.ஆர் ‘உண்டு’ என்னும், மேற்பரப்பில் காணக் கிடைக்காது. அதோடு கே.ஐ.ஆர் 19ஆம் நிறமூர்த்தத்தில், எச்.எல்.ஏ 6ஆம் நிறமூர்த்தத்தில். இரண்டும் தனித்தனியே கடத்தப்படுவதால் எச்.எல்.ஏ வகையையும் பார்க்காத கே.ஐ.ஆர் முடிவு அரைகுறையே.

சைற்றோமெற்றருக்கு 100 மைக்ரோலீற்றர் குருதியில் பிறபொருளெதிரிகளைச் சேர்த்து, இருட்டில் 15 முதல் 20 நிமிடம் விட்டு, செங்குழியங்களை உடைத்துக் கழுவ வேண்டும். சி.டி.3 என்ற மேற்பரப்புக் குறி இல்லாத, சி.டி.56 என்ற குறி உள்ள கலங்களே நமக்குரியவை. தொல்லை பிறபொருளெதிரிகளில்தான்: ஈ.பி.6, தடுக்கும் 2டி.எல்1ஐயும் தூண்டும் 2டி.எஸ்1ஐயும் ஒன்றாகவே பிடிக்கும். நேரெதிர் வேலை செய்யும் இரண்டை ஒரே நிறத்தில் பார்த்து முடிவெழுதுவது பாரதூரமான பிழை, இங்கே பி.சி.ஆர் முடிவு பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். சி.டி.16 வேறு சங்கதி. கலம் தூண்டப்பட்டதும் அது வெட்டப்பட்டு உதிரும். குறைவாகத் தெரிந்தால் பிறவிக் குறை என்று எழுதிவிடக் கூடாது.

மாரியில் டெங்கு நோயாளி ஒருவரை நாளுக்கு நாள் தொடர்வதென்றால் சைற்றோமெற்றர்தான். பரம்பரையலகு காய்ச்சலோடு மாறாது. சனத்தொகை ஆய்வுக்குப் பி.சி.ஆரே என் தெரிவு. இரண்டும் தேவையெனில் ஒரே குத்தலில் இரண்டு ரியூப்பையும் நிரப்பலாம். ஹெப்பரின் முதலில், ஈ.டி.ரி.ஏ பிறகு. மாற்றி எடுத்தால் ஈ.டி.ரி.ஏ ஹெப்பரின் ரியூப்புக்குள் கசிந்து கல்சியத்தைப் பிடித்துவிடும். கல்சியமின்றிக் கொல்கலம் தன் நச்சுமணிகளை வெளிவிடாது, கொல்திறன் சோதனையும் பொய்க்கும்.