"கேசட் பழசு" என்ற பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள்

மறைந்த என் தந்தை பேசும் காட்சிகள் அடங்கிய நான்கு விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும்படி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தேன். திரும்பி வந்த பதிவைப் பார்த்தபோது மனம் உடைந்துபோனது. அவர் முகம் பக்கவாட்டில் அகன்று தெரிந்தது. கையை அசைக்கும்போதெல்லாம் விளிம்புகள் சீப்புப் பற்களைப் போலப் பிரிந்தன. படத்தின் மேற்பகுதி ஒரு பக்கமாக வளைந்து ஆடியது. வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. பதிவு முடியும் தறுவாயில் உதட்டசைவுக்கும் குரலுக்கும் பொருத்தமே இல்லை. கேட்டதற்கு, "கேசட் பழசு, அதில் இருப்பதே இவ்வளவுதான்" என்றார்கள். கூடுதல் கட்டணம் கட்டினால் எச்டி தரத்துக்கு உயர்த்தித் தருவதாகச் சொன்னதையும் நம்பிக் கட்டினேன். முகத்தின் சுருக்கங்களெல்லாம் வழித்தெடுக்கப்பட்டு, மெழுகில் செய்தது போன்ற ஒரு முகம்தான் கிடைத்தது.

பல மாதங்கள் கழித்து, பழுது நீக்கிய விசிஆர் ஒன்றை வைத்திருந்த நண்பர் முதல் கேசட்டைப் பழைய ட்யூப் டிவியில் ஓட்டிக் காட்டினார். படம் நேராக நின்றது. அதன் பிறகுதான் ஒவ்வொரு குறையின் காரணத்தையும் தேடிப் படித்தேன்.

முகம் அகன்றது, 4:3 விகிதப் படத்தை 16:9 சட்டத்துக்கு இழுத்ததால். சீப்புப் பற்கள் தெரிந்தது, நொடிக்கு 50 அரைப்படங்களாக (ஒவ்வொன்றிலும் ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டுமே இருக்கும்) பதிவானதைப் பிரித்துக் கையாளாமல், இரண்டிரண்டாகச் சேர்த்து 25 முழுப்படங்களாக எழுதியதால். இவ்விரண்டும் கணினியில் செய்த தவறுகள். நாடாவுக்கு இவற்றில் பங்கே இல்லை.

மேற்பகுதி வளைந்ததற்கு மட்டும் நாடாவின் வயதும் ஒரு காரணம். நாடா காலப்போக்கில் சற்றே நீள்வதாலும் சுருங்குவதாலும், கருவியின் ஓட்டம் முழுச் சீராக இல்லாததாலும், படத்தின் ஒவ்வொரு கோடும் தொடங்கும் நேரம் மிக நுண்ணிய அளவில் முன்பின்னாகிறது. ட்யூப் டிவி அதற்கு ஈடுகொடுத்துவிடும். கணினியில் பதிவு செய்யும் கருவி ஈடுகொடுக்காது. சில கருவிகள் இந்தத் தடுமாற்றத்தை நகல் தடுப்புச் சமிக்ஞை என்று தவறாக எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். சில கருவிகள் படங்களைத் தவறவிடும், அதனால் குரல் விலகிப்போகும். இதைச் சரிசெய்யவே டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருக்கிறது. என் கேசட்டுகளுக்கு அதைப் பயன்படுத்தவில்லை என்பதை, நான் மீண்டும் மீண்டும் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார்கள். படத்தின் அடிவிளிம்பில் சில கோடுகள் கலைந்து தெரிவது எல்லா விஎச்எஸ் பதிவிலும் உள்ளதுதான். அதை அவர்கள் குறையாக நான் சொல்லவில்லை.

என்னால் மன்னிக்க முடியாதது வேறொன்று. நான்காவது கேசட்டின் நாடாச் சுருளில் வெண்பொடி போலப் பூஞ்சை படிந்திருந்ததை, ஒப்படைக்கும்போதே சுட்டிக்காட்டியிருந்தேன். பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால், கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைபடும். அடுத்து அதே கருவியில் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். நாடா கீறலும் படும். அவர்கள் சுத்தம் செய்யாமலேயே ஓட்டியிருக்கிறார்கள்.

கேசட்டை ஒப்படைக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டைம் பேஸ் கரெக்டர் பயன்படுத்துவார்களா? பூஞ்சை இருந்தால் ஓட்டும் முன் என்ன செய்வார்கள்? எந்த மெருகும் ஏற்றாத முதல் பதிவைத் தருவார்களா? இழப்பில்லாமல் எடுத்தால் அது ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபியையும் தாண்டலாம். தனி ஹார்ட் டிஸ்க் கொடுத்தாவது அதை வாங்கிவிடுங்கள். எனக்கு அதைத் தர முடியாது, அழித்துவிட்டோம் என்றார்கள். எச்டி என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்: விஎச்எஸ் நாடாவில் இருப்பது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவு விவரமே. எல்லாவற்றுக்கும் மேலாக, கேசட்டுகளைத் திரும்ப வாங்காமல் விடாதீர்கள். "இனி எதற்கு, நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம்" என்று அவர்கள் கேட்டபோது நான் ஏறக்குறைய சம்மதித்திருந்தேன்.

மூன்று கேசட்டுகளை நண்பரின் உதவியுடன் மீண்டும் பதிவு செய்துவிட்டோம். முகம் தெளிவாக இருக்கிறது; குரலும் உதட்டோடு பொருந்துகிறது. நான்காவதைச் சுத்தம் செய்து ஓட்டியபோது, நாடாவின் நீளவாக்கில் விழுந்திருந்த கீறல், படத்தின் குறுக்கே ஒரே உயரத்தில் ஒரு வெண்கோடாக, முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை தந்தையின் கண்களுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது.