சுற்றறிக்கை நோட்டா, வாட்ஸ்அப் குழுவா, மின்னஞ்சலா?

பல்கலைக்கழகம் ஒன்றின் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். விடுப்பு விதி, பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், வருமான வரிக்கான சேமிப்பு விவரம், சொத்து அறிக்கை என்று ஆண்டு முழுக்க ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் எதையாவது தெரிவித்துக்கொண்டே இருப்பது எங்கள் வேலை. எந்த வழியில் தெரிவிப்பது என்று எங்கள் பிரிவு பேசி முடிவெடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. நாங்கள் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மற்ற இரண்டையும் பல ஆண்டுகள் பயன்படுத்தியவன் என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

முதலில் நோட்டு. சுற்றறிக்கையை ஒரு நீள நோட்டில் ஒட்டி, அலுவலக உதவியாளர் துறை துறையாக எடுத்துப் போவார். துறைத் தலைவர் பார்த்துச் சுருக்கொப்பம் இடுவார். எல்லாத் துறைகளையும் சுற்றித் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். துறைத் தலைவர் விடுப்பில் இருந்தால் நோட்டு அவர் மேசையிலேயே கிடக்கும். கடைசி நாள் 15 என்று போட்ட தாள் 16ஆம் தேதி போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நோட்டுக்கு இரண்டு பெரிய பலம் உண்டு. ஒன்று கையெழுத்து. மற்றது ந.க. (நடப்புக் கணக்கு) எண், நாள், பொருள், பார்வை என்ற அந்தப் பழைய ஒழுங்கு. இருபது ஆண்டுக்கு முந்தைய நோட்டைக்கூடப் பதிவறையிலிருந்து எடுத்து, எந்தத் தேதியில் என்ன சொன்னோம் என்று காட்ட முடிகிறது. இந்த இரண்டாவது பலத்தின் அருமை அதை விட்ட பிறகுதான் தெரிந்தது.

வாட்ஸ்அப்பின் வேகத்தைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், யார் பார்த்தார்கள் என்றும் தெரியும். மழைக்காகக் காலை ஆறு மணிக்கு விடுமுறை அறிவித்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் குழுவை நிரப்பிவிடும் என்று பலர் குறை சொல்வார்கள். நிர்வாகிகள் மட்டுமே அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். எனவே அதை நான் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

என் கவலை வேறு. ஒரு விதியைத் தெரிவித்த அன்றைக்கு அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது, சரி. இரண்டு ஆண்டு கழித்து, புதிதாக வந்த இளநிலை உதவியாளர் ஒருவர் ‘இப்போது நடப்பில் இருப்பது எது’ என்று தேடினால் கிடைக்குமா? எங்கள் முடிவு இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

ஏனென்றால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தமிழ்நாடு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 ஆனது. ஓர் ஆண்டு முடியும் முன் இரண்டு மாற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஜூலை 18 ஒழுங்குமுறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக நேரடி நியமனம் பெற 2021 ஜூலை 1 முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்று அதில் இருந்தது. பிறகு அந்தத் தேதி 2023 ஜூலை 1 என்று தள்ளிப்போனது. அந்த நாள் வந்தபோது கட்டாயமே நீங்கி, நெட், செட், ஸ்லெட் என்ற தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்றானது. மூன்று தாளும் மூன்று விதம் சொல்கின்றன. நடுவில் உள்ள தாள் மட்டும் ஒருவர் கையில் கிடைத்தால், அவர் சொல்லும் பதில் தப்பாக இருக்கும். ஆனால் அதற்கு ஆதாரமும் கையில் இருக்கும். தப்பான பதிலில் இதைவிட மோசமான வகை இல்லை.

மகப்பேறு விடுப்பில் இதை நேரடியாகப் பார்த்தேன். தமிழ்நாட்டில் அது 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம் என்று உயர்ந்தது. அரசாணை வந்ததும் பல்கலைக்கழகத்தில் தானாக அமலாகிவிடாது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் ஏற்று, பதிவாளர் ஆணை போட்ட பிறகுதான் எங்களுக்கு அது விதி. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்த ஆணையை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டார்கள். ஊரடங்கையொட்டி நோட்டு சுற்றுவது நின்றுபோயிருந்த காலம் அது. ஒரு துறையின் எழுத்தர் அந்தக் குழுவில் சேர்ந்ததே அதற்குச் சில வாரம் கழித்துத்தான். அவர் துறையின் அறிவிப்புப் பலகையில் 2016இன் சுற்றறிக்கை அப்படியே இருந்தது. விடுப்பிலிருந்த உதவிப் பேராசிரியர் தொலைபேசியில் கேட்டபோது, “ஒன்பது மாசம்தான் மேடம், சர்குலர் இருக்கு” என்று அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ஒன்பது மாதக் குழந்தையை ஊரிலிருந்த தாயிடம் விட்டுவிட்டு வந்து பணியில் சேர்ந்தார். பன்னிரண்டு மாதம் உண்டென்று அவருக்குத் தெரிந்தபோது குழந்தைக்கு ஒரு வயது கடந்திருந்தது. அந்த மூன்று மாதத்தை எந்த ஆணை போட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அங்கே யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. ஆணையைத் தெரிவித்தவர் உடனே தெரிவித்தார். எழுத்தர் தம் கையில் இருந்த தாளைப் பார்த்துத்தான் சொன்னார். பழைய தாளுக்கும் புதிய செய்திக்கும் நடுவே ஒரு தொடர்பு இல்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய செய்திகள் தானாக வந்துவிடாது. அனுப்பியதை ஏறக்குறைய இரண்டு நாள் வரை எல்லோரிடமிருந்தும் அழிக்கலாம், பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தினால் ‘திருத்தப்பட்டது’ என்ற குறி மட்டும் நிற்கும், முதலில் என்ன இருந்தது என்பது போய்விடும். 10ஆம் தேதி என்பதை 20 என்று மாற்றினால், முதலில் படித்தவர் மனதில் 10 என்றே இருக்கும். இன்னொன்று: குழு பெரும்பாலும் யாரோ ஓர் எழுத்தரின் சொந்த எண்ணில்தான் இயங்குகிறது. அவர் ஓய்வு பெற்றால் அந்தப் பதிவுகளும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

சரி, மின்னஞ்சல் மட்டும் என்ன மாயம் செய்துவிடும் என்று கேட்கலாம். சும்மா அனுப்பினால் ஒன்றும் செய்யாது. நோட்டின் ஒழுங்கை அதற்குள் கொண்டுவந்ததால்தான் எங்களுக்கு அது பயன்பட்டது.

எல்லாச் சுற்றறிக்கையும் பிரிவின் பெயரிலுள்ள ஒரே முகவரியிலிருந்து போகிறது, என் பெயரில் உள்ளதிலிருந்து அல்ல. நான் மாறிப்போனாலும் அடுத்து வருபவர் அதே பெட்டியைத் திறப்பார். பொருள் வரியில் எண், ஆண்டு, விஷயம். முதல் வரியில் ‘இது எதை மாற்றுகிறது’ என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். முந்தைய சுற்றறிக்கையின் எண்ணையும் நாளையும் குறித்து, அது முழுவதும் ரத்தா, ஒரு பத்தி மட்டும் மாறுகிறதா என்று சொல்கிறோம். எதையும் மாற்றவில்லையென்றால் ‘புதியது’ என்று போடுகிறோம். இந்த வரியை எழுத உட்காரும்போதுதான், பழைய சுற்றறிக்கை ஒன்று இருக்கிறதா என்று எங்களுக்கே தேடத் தோன்றுகிறது. சில சமயம் ஒரே பொருளில் இரண்டு பழைய சுற்றறிக்கைகள் கிடைத்ததும் உண்டு.

நினைவூட்டல்களில் விதியை மறுபடி தட்டச்சு செய்வதே இல்லை. முதலில் அனுப்பிய அஞ்சலுக்கே பதிலாக நினைவூட்டலை அனுப்புகிறோம். மூலம் அப்படியே கீழே வரும். பதவி உயர்வு விண்ணப்பம் போன்றவற்றில் இதன் பயன் அதிகம். உதவிப் பேராசிரியர் முதல் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக, முனைவர் பட்டம் இருந்தால் நான்கு ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் ஐந்து, இரண்டும் இல்லையென்றால் ஆறு. இதை ஒவ்வொரு முறையும் புதிதாக அடித்தால் ஒருநாள் ஐந்தும் ஆறும் இடம் மாறிவிடும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் பழைய சுற்றறிக்கைகள் பெரும்பாலும் வானவில் என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்தவை. எந்தக் கணினியிலும் ஒரேபோலப் படிக்கவும் தேடவும் முடிகிற யூனிகோட் குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது, ஆனாலும் பழக்கம் போகவில்லை. வானவிலில் அடித்து, அச்செடுத்து, ஒப்பம் வாங்கி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக இணைத்தால், பெட்டியில் ‘மகப்பேறு’ என்று தேடும்போது ஒன்றும் வராது. அதனால் பொருள் வரியையும் சுருக்கத்தையும் அஞ்சலின் உடலிலேயே யூனிகோடில் அடிக்கிறோம். ஒப்பமிட்ட பிடிஎஃப் இணைப்பாகப் போகிறது. இதைச் செய்யாமல் மின்னஞ்சலுக்கு மாறினால், நோட்டுக்குப் பதிலாகத் திறக்கவே முடியாத ஓர் அலமாரி வாங்கியதற்குச் சமம்.

கூகுள் நிறுவனம் 2022இல் கல்வி நிறுவனங்களுக்கான இடத்தை நிறுவனம் முழுமைக்கும் 100 டிபி என்று வரையறுத்த பிறகு, பல இடங்களில் பழைய அஞ்சல்களை அழிக்கச் சொல்கிறார்கள். பெறுபவர் அழித்தால் பரவாயில்லை. பிரிவின் பெட்டியில் அழிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றின் அச்சுப்படியும் கோப்பில் இருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தில் மனு வந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முன்பு அந்த 30 நாளில் பாதி தேடுவதிலேயே போய்விடும். இப்போது பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கிறது.

குறையும் உண்டு. முதல் இரண்டு மாதம் பலர் அஞ்சலைத் திறக்கவே இல்லை. அதனால் வாட்ஸ்அப்பை மணி அடிக்க மட்டும் வைத்துக்கொண்டோம். ‘சுற்றறிக்கை எண் இன்னது, பொருள் இன்னது, அஞ்சலைப் பார்க்கவும்’ என்று போகும், உள்ளடக்கம் போகாது. உள்ளடக்கத்தைப் போட்டால் அதையே படம் பிடித்துச் சுற்றவிடுவார்கள், மறுபடி பழைய கதைதான். மழை விடுமுறைக்கு மட்டும் விதிவிலக்கு.

ஓட்டுநர்கள், தோட்டப் பணியாளர்கள், விடுதிச் சமையல் பணியாளர்களுக்கு இந்த ஏற்பாடு போதவில்லை. அவர்களுக்கு அஞ்சல் முகவரி கொடுத்தும் பயனில்லை. மேற்பார்வையாளர் வாசித்துச் சொல்கிறார், பலகையிலும் ஒட்டுகிறோம். ஒட்டும் தாளில் ‘இந்த நாள் வரை மட்டும்’ என்று சிவப்பில் எழுதுகிறோம். அது போதுமா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் காலம் ஆகவில்லை. அரசு அலுவலகங்களில் கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆபீஸ் முறையில், மாற்றுப் பணியில் இருந்தபோது மூன்று மாதம் வேலை செய்தேன். கோப்பு நகர்வதற்கு அது அருமை. ஆனால் எல்லாப் பணியாளருக்கும் ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்க அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

மாற நினைப்பவர்கள் எழுத்துருவையும் பிரிவு முகவரியையும் முதல் வாரத்திலேயே சரிசெய்துகொள்ளுங்கள். பழையவற்றை வரிசைப்படுத்தும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். நாங்கள் 2011இலிருந்து ஒவ்வொரு சுற்றறிக்கையையும் எடுத்து, எது எதை மாற்றியது என்று ஒரே பட்டியலில் எழுதி வருகிறோம். இப்போது 2019 வரை வந்திருக்கிறோம். அறிவிப்புப் பலகைகளிலிருந்த மகப்பேறு விடுப்புத் தாள்களை மட்டும், வரிசைக்குக் காத்திராமல், முதல் நாளே போய் எடுத்துவிட்டோம்.