சிதம்பரம்: வண்டி இல்லாமல் வாழ ஓர் ஊர்

கார் இல்லாமல் வாழ முடியுமா என்பது நம் ஊர்களில் பெரிய கேள்வி அல்ல. பெரும்பாலான வீடுகளில் கார் கிடையாது. ஸ்கூட்டர்கூட இல்லாமல், யாரையும் எதிர்பார்க்காமல், நினைத்த நேரத்தில் வெளியே போய்வர முடியுமா என்பதுதான் கேள்வி. எனக்கு ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு. அதனால் வண்டி ஓட்டப் பழகவே இல்லை. கணவருக்கு அறுபதைத் தாண்டியபின் சென்னை நெரிசலில் ஸ்கூட்டரை எடுக்கவே மனம் வரவில்லை. 2019இல் வேளச்சேரி வீட்டைக் காலி செய்து, ஸ்கூட்டரையும் விற்றுவிட்டு, சிதம்பரத்துக்குக் குடிவந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய சைக்கிள் மட்டும்தான். இதே யோசனையில் சிறிய ஊர் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக, இத்தனை ஆண்டுகள் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிதம்பரம் நடப்பவர்களுக்கு ஏற்ற ஊர். ஆனால் முழு ஊரும் அப்படி அல்ல. நடராசர் கோயிலைச் சுற்றி இருக்கும் நான்கு வீதிகளும் அவற்றை ஒட்டிய தெருக்களும்தான் அப்படி. அதே வாடகைக்கு, வெளியே புதிதாக மனை பிரித்த நகர்களில் இதைவிடப் பெரிய வீடு கிடைக்கும். காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். ஆனால் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்குக் கூட வண்டியை எடுக்க வேண்டியிருக்கும். வண்டி இல்லாமல் அங்கே போன எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் எல்லாமே சீக்கிரத்தில் ஒன்றை வாங்கிவிட்டன. எந்த ஊர் என்பதைவிட எந்தத் தெரு என்பதே முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஊரின் அமைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும். நடராசர் கோயிலுக்கு நான்கு திசையிலும் கோபுரங்கள். ஒவ்வொரு கோபுர வாசலிலிருந்தும் ஒரு சிறிய சன்னதித் தெரு புறப்பட்டு, கோயிலைச் சுற்றி ஓடும் தேர் வீதியில் சேர்கிறது. கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று நான்கு. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் இந்த வீதிகளில் ஓட வேண்டும். முனைகளில் திரும்பவும் வேண்டும். அதற்காக அகலமாக விட்ட வீதிகள் இன்று நடப்பவர்களுக்கு உதவுகின்றன. துணிக்கடை, மருந்துக்கடை, வங்கி, டாக்டர்கள், செருப்புத் தைப்பவர், ஜெராக்ஸ் கடை என அன்றாடத் தேவை எல்லாம் இந்த வட்டாரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நகராட்சியின் பரப்பே சுமார் 5 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 62 ஆயிரம் சொச்சம். காவிரிக் கடைமடைப் பகுதியாதலால் தரை முழுக்கச் சமம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். கீழ வீதியிலிருந்து ரயில் நிலையம் சுமார் ஒரு கிலோமீட்டர். பஸ் நிலையம் அதைவிடக் கிட்டே.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்தோம். மயிலாடுதுறையையும் நன்றாகச் சுற்றிப் பார்த்தோம். கடைத்தெருவும் காவிரிக் கரையும் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. ஆனால் ரயில்வே சந்திப்பு ஊரின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது. பெட்டியோடு ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்தாக வேண்டும். கும்பகோணத்தில் ரயிலும் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தாலும், பழைய கடைத்தெருக்களின் குறுகலும் நெரிசலும் ஒற்றைக் கண்ணோடு நடக்கும் எனக்கு ஒத்துவரவில்லை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் நடப்பது தனி சுகம். ஆனால் திருச்சியின் வாடகை அங்கேயும் வந்துவிட்டது. எங்கள் பென்ஷனுக்கு அது தாங்காது.

சிதம்பரத்தில் நாங்கள் கொடுக்கும் வாடகை வேளச்சேரியில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இரண்டு அறைகள், கூடம், சமையலறை, பின்கட்டில் துணி உலர்த்த இடம். பழைய ஓட்டு வீட்டின் முன்பகுதியை இடித்துக் கட்டியது. கார் நிறுத்த இடம் இல்லாத வீடுகளுக்கு வாடகை குறைவாகச் சொல்கிறார்கள். வண்டி இல்லாதவர்களுக்கு அது நேரடி லாபம். முன்பணத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதாத வரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. இதை மரியாதையாக எடுத்துச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார்.

அன்றாடம் எப்படிப் போகிறது என்றால், காலை ஆறரைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கீழ வீதி தெற்கு வடக்காக ஓடுகிறது. காலையில் கிழக்குப் பக்கக் கடைகளின் நிழல் வீதியில் விழும். அந்தப் பக்கமாகவே நடப்பேன். மாலையில் மேற்குப் பக்கம். ஆனால் தெற்கு வீதியும் வடக்கு வீதியும் கிழக்கு மேற்காகப் போகின்றன. சித்திரை, வைகாசியில் உச்சிவெயில் நேரத்தில் அங்கே எந்தப் பக்கமும் ஒதுங்க நிழல் இருக்காது. கோடையில் பத்து மணிக்குமேல் நாலு மணிவரை நாங்கள் வெளியே போவதில்லை. வங்கி வேலையைக்கூடக் கதவு திறந்த கையோடு முடித்துக்கொள்வோம். வீதியோரம் மரங்கள் வைத்தால் இந்த ஊர் இன்னும் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு கோடையிலும் நினைக்கிறேன்.

காய்கறி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வாங்குகிறேன். தூக்க முடிந்த அளவே வாங்குவதால் அழுகி வீணாவது நின்றுவிட்டது. மீன் பரங்கிப்பேட்டை, முடசலோடைப் பக்கமிருந்து வருகிறது. தெருவில் கூடையோடு வரும் அம்மாள், கிழங்கான் கிடைத்த நாளில் எங்கள் வாசலில் நின்று குரல் கொடுக்காமல் போகமாட்டார். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மளிகைக் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து போடுகிறான். சமைக்க முடியாத நாளில், பொடிநடையாகப் போனால் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கிடைக்கும். பல்கலைக்கழக மாணவர்கள் நிறைய இருப்பதால் மலிவான மெஸ்களுக்கும் குறைவில்லை. மாணவர்கள் விடுமுறையில் போனால் சிலவற்றை மூடிவிடுகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலின் ஒரு வாசலில் நுழைந்து எதிர் வாசலில் வெளியே வந்தால் கீழ வீதியிலிருந்து மேல வீதிக்குச் சுற்றாமல் போய்விடலாம். காலில் செருப்பு இருக்கக் கூடாது என்பதால் கடைக்குப் போகும் அவசரத்துக்கு இது உதவாது. மதியம் நடையும் சாத்திவிடுவார்கள். ஆனாலும் மாலையில் வெறுங்காலோடு கிளம்பி, பிராகாரத்தின் கல் தரையில் நடந்து, மறுபக்கம் இருக்கும் என் தோழி வீட்டுக்குப் போவது எனக்கு மிகவும் பிடித்தமான நடை. வேறு எந்தப் பூங்காவும் வேண்டாம் என்று தோன்றும்.

வெளியூர்ப் பயணத்தைப் பற்றித்தான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை 2010இல் அகலப் பாதையாகத் திறந்தபின் இந்த ஊருக்கு ரயில் வசதி நன்றாக இருக்கிறது. சோழன் எக்ஸ்பிரஸில் காலையில் எழும்பூரில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். உழவன் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. நம் ஊருக்கு விடியுமுன் வந்து சேர்வதால் வயதானவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். கடலூர், சீர்காழி, மயிலாடுதுறைக்கு நேரம் பார்க்காமலே பஸ் நிலையத்துக்குப் போகலாம். 2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அண்ணாமலைநகர், கிள்ளை, பிச்சாவரம் போன்ற இடங்களுக்கு நான் காசே கொடுக்காமல் போய்வந்திருக்கிறேன். காலையில் அந்த பஸ்களில் கூடை தூக்கிக்கொண்டு ஏறும் பெண்களைப் பார்த்தால், இந்தத் திட்டம் யாருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலுக்கு எங்கள் வீட்டுக் கணக்கில் இடமே இல்லை.

மருத்துவம்தான் எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. என் கண்ணுக்கு முறையாகப் பரிசோதனை தேவை. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலேயே இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ் அந்த வழியில்தான் போகும். நடத்துநரிடம் முன்கூட்டியே சொன்னால் இறக்கிவிடுகிறார். இரண்டு மணி நேரப் பயணம்; பஸ் மாற வேண்டாம். ஊருக்குள் காமராஜர் அரசு மருத்துவமனை இருக்கிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அண்ணாமலைநகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிய பெரிய மருத்துவமனையும் இருக்கிறது.

ஆனால் நள்ளிரவு அவசரத்தை நடந்து சமாளிக்க முடியாது. ஒருமுறை இரவு ஒரு மணிக்கு இவருக்கு மூச்சுத் திணறியது. எங்கள் தெருமுனை ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன். "அம்மா, கதவைத் திறந்து வைங்க, வந்துட்டேன்" என்றார். நான் பையில் மருந்துச் சீட்டுகளை எடுத்து வைப்பதற்குள் வாசலில் விளக்கு தெரிந்தது. இவர் பிழைத்தார். குடிவந்த வாரத்திலேயே பக்கத்தில் இருக்கும் ஆட்டோக்காரர்களில் இரண்டு பேரையாவது பழக்கம் செய்துகொள்ளுங்கள். மழை நாளிலும் பெட்டி உள்ள நாளிலும் அவர்களையே கூப்பிடுங்கள். பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுங்கள். 108ஐயும் கைபேசியில் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லாத வீட்டில் இந்த இரண்டும் கண்டிப்பாக வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். வீதி அகலமாக இருந்தாலும் அந்த அகலம் நடப்பவர்களிடம் இல்லை. கடைகளின் முன்னால் இருசக்கர வாகனங்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள்; அதற்கு வெளியே தள்ளுவண்டிகள்; அதற்கும் வெளியே தான் நாம் நடக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே நான் ஒதுங்குகிறேன். இப்போது பாட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் வருவதால் பயம் கூடியிருக்கிறது. உள்தெருக்களில் சாக்கடைமேல் போட்ட சிமென்ட் பலகைகள் சில இடங்களில் உடைந்து கம்பி தெரிகிறது. எங்கள் தெருவில் ஒன்று விழுந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தக் குழியில் ஒரு வேப்பங்கிளையை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவைத்தார்கள். இருட்டிய பின் டார்ச் இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. தெருநாய்களும் உண்டு, கைத்தடி போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு சங்கதி. கடலும் கொள்ளிடமும் கிட்டே இருக்கும் சமதளம் இது. தண்ணீர் வடிய நேரமாகும். வடகிழக்குப் பருவமழை ஓங்கிப் பெய்யும் வாரங்களில் தாழ்ந்த தெருக்களில் முழங்கால் அளவு நிற்கும். சாலை எது, சாக்கடை எது என்று தெரியாத அந்த நாட்களில் நாங்கள் வெளியே போவதே இல்லை. அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாவற்றையும் ஐப்பசி பிறக்குமுன் வாங்கி வைத்துவிடுவோம். எங்கள் வீட்டுத் திண்ணை மூன்று படி உயரம். வீடு பார்க்கும்போது எதிர்வீட்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இதை எடுத்தோம்.

தேர் நாட்களில் ஊர் தலைகீழாகிவிடும். வண்டிகளுக்குத் தடை என்பதால் அன்றுதான் வீதி முழுதும் நடப்பவர்களுடையது. வாசல் தெளித்துப் பெரிய கோலங்கள் போட்டு, வடம் பிடிப்பவர்களுக்கு மோர் கொடுக்கும் அந்தக் காலை நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அன்று ஊருக்குப் போகவோ மருத்துவமனைக்குப் போகவோ வேண்டியிருந்தால் முந்தைய நாளே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

யாருக்கு இந்த ஊர் சரிவராது என்றும் சொல்ல வேண்டும். நிறுவன வேலையை நம்பி இருக்கும் இளைஞர்களுக்கு இங்கே வாய்ப்பு குறைவு. தினமும் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ்ஸில் போய்வருபவர்கள் களைத்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள் ஆகியோருக்கு நன்றாக ஒத்துவரும். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கு, வீதியோரம் இப்போது இருக்கும் நிலையில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீடு பார்க்க வருபவர்கள் தரகரின் வண்டியில் ஏறிச் சுற்ற வேண்டாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து ஒரு வாரம் தங்குங்கள். பிடித்த வீட்டிலிருந்து ஐந்து கிலோ காய்கறிப் பையோடு ஒருமுறையும், பெட்டியோடு ரயில் நிலையத்துக்கு ஒருமுறையும், இரவு ஒன்பது மணிக்கு மருந்துக்கடைக்கு ஒருமுறையும் நடந்து பாருங்கள். முடிந்தால் கார்த்திகையில் வாருங்கள். மழையில் தெரியாதது வேறு எப்போதும் தெரியாது.