வீட்டுல வச்சு ஊதிப் பாக்குற ஆல்கஹால் மெஷின், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

முதல்ல வாங்குனது செமிகண்டக்டர் சென்சார், வேஸ்ட்டுங்க. ஒரு சொட்டு கூட குடிக்காத என் தம்பி ஊதுனதுக்கே நம்பர் காட்டுச்சு, அந்த சென்சார் சுகர் உள்ளவங்க மூச்சுல வர்ற அசிட்டோனை கூட ஆல்கஹால்னு எடுத்துக்கும். இப்ப இருக்கிறது ஃப்யூயல் செல், உள்ள பிளாட்டினத்துல ஆல்கஹால் பட்டா கரன்ட் வரும், அதை அளந்து மூச்சுல இருக்கிறதை பொதுவா 2100 ஆல பெருக்கி ரத்தத்துல எவ்ளோன்னு சொல்லுது. போலீஸ் கையில வச்சிருக்கிறதும் பெரும்பாலும் இந்த டைப்தான், ரீடிங் நிலையா இருக்கு, எனக்கு ரொம்ப திருப்தி.

ஆனா ஊதுற விதம் முக்கியம், பீப் நிக்கிற வரைக்கும் விடாம ஊதணும், அப்பதான் நுரையீரல் ஆழத்துல இருக்கிற காத்து வரும். மவுத்வாஷ் போட்ட உடனே ஊதுனா எகிறிடும், 15 நிமிஷமாவது விடணும்.

இன்னொன்னு தயவு செஞ்சு கவனிங்க, குடிச்சு முடிச்ச உடனே ஊதுனா வாயில ஒட்டியிருக்கிறதால எகிறிடும், 15 நிமிஷம் விட்டு ஊதுனா கம்மியா காட்டலாம், ஆனா வயித்துல இருக்கிறது இன்னும் ரத்தத்துல ஏறிட்டே இருக்கும், அரை மணி நேரம் கழிச்சு அதே ஆளுக்கு அதிகமா காட்டலாம். அந்த கம்மி நம்பரை நம்பி என் ஃப்ரெண்ட் சாவியை எடுத்தான், நான் புடுங்கி வச்சுட்டேன்.

குறைன்னா காலிப்ரேஷன்தான், அதாவது ரீடிங் சரியா வருதான்னு பாத்து சரி பண்றது. ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணணும், கம்பெனிக்கு அனுப்பி திரும்பி வர ரெண்டு வாரம் ஆச்சு.